கர்ணன் கொஞ்சம் குண்டு!

‘நெல்லிவாசல்நாடு’ என்றதும் பாஸ்போர்ட் எடுக்கணுமோ என்று பயந்துவிடாதீர்கள். திருப்பத்தூருக்குப் போய் பஸ் ஏறினால் போதும். ஜவ்வாது மலையில் பல ஊர்கள் சேர்ந்தால் ஒரு ‘நாடு’. புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு... எதற்கும் விசா கிடையாது. மலைப்பாதை வளைவுகளில் வயிற்றைப் பிசைகிறதே, அதுதான் இமிக்ரேஷன் செக்கிங்!

என்னை அழைத்துப் போனவர் எங்கள் ஆபீஸ் டிரைவர். அவருக்குச் சொந்த ஊர் அது. “நாங்க மலையாளிங்க சார்” என்றார். “ஓ... கேரளாவா?” என்று கேட்டுத் தொலைத்தேன். ஒரு முறை முறைத்தார். “மலையை ஆளுறவங்க சார். காஞ்சிபுரத்துல இருந்து மலை ஏறி வந்தவங்கன்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க.”

மூன்று நாள் தொடர் லீவு. ஆபீஸில் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். எனக்கும் போக ஊர் இருக்கிறது, முகம்தான் இல்லை. ஒரு காதல் விவகாரம். “குடும்ப மானம் என்னடா ஆகும்?” என்று கேட்ட அப்பாவோடு பேச்சு நின்று எட்டு மாதம். அதனால்தான் மலையேறினேன்.

ராத்திரி சாமைச் சோறு போட்டுவிட்டு டிரைவர் விஷயத்தைச் சொன்னார்: “கோயில்ல கூத்து சார். கர்ண மோட்சம். விடிய விடிய.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடிய விடியப் பாட்டா? ஆனால், இத்தாலிக்காரர்களும் இப்படித்தான். கதை மொத்தத்தையும் பாடியே தீர்ப்பார்கள். பெயர் ஆபரா. 1990-ல் வந்த ‘ப்ரெட்டி உமன்’ படத்தில், ரிச்சர்ட் கியர் விமானத்தில் கூட்டிப்போய்க் காட்ட, ஜூலியா ராபர்ட்ஸ் கண் கலங்கிப் பார்ப்பாரே... அது வெர்டி இசையமைத்த ‘லா த்ராவியாத்தா’. அந்தப் படத்தின் புண்ணியத்தில், அந்த ஆபராவையும் மேன்ஷன் ரூமில் லேப்டாப்பில் பார்த்திருக்கிறேன்.

கதை நம்மூர்க் கதைதான். வியோலெட்டா, பாரிஸில் பெரிய மனிதர்களின் ஆசைநாயகி. காசநோய்க்காரி. ஆல்ஃபிரெடோ என்ற நல்ல வீட்டுப் பையன் அவளைக் காதலிக்கிறான். பையனின் அப்பா வந்து, “என் மகள் கல்யாணம் உன்னால் கெடும், இவனை விட்டுவிடு” என்கிறார். விட்டுவிடுகிறாள். அப்பா மனம் மாறி வரும்போது அவள் சாகக் கிடக்கிறாள்.

இது முதலில் மேடையேறியது 1853 மார்ச் 6-ம் தேதி, வெனிஸ் நகரின் ‘லா ஃபெனீசே’ தியேட்டரில். படு ஃபெயிலியர்! நாயகியாகப் பாடிய ஃபான்னி சால்வினி-டொனாடெல்லிக்கு நல்ல குரல். உடம்பும் நல்ல உடம்பு. முதல் அங்கத்துக்குக் கைதட்டல் கிடைத்தது. ஆனால், அவர் நோயில் ‘மெலிந்து’ சாகிற கட்டத்தில் ஜனங்கள் சிரித்துவிட்டார்கள் என்பார்கள்.

கூத்து ஆரம்பித்தது. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். கட்டியங்காரன் வந்து ஊர் வம்பையெல்லாம் இழுத்துச் சிரிக்க வைத்தான். அப்புறம் இரண்டு பேர் திரை பிடித்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது பாருங்கள்... மைக்கே வேண்டாம். எதிர் மலைக்குக் கேட்டிருக்கும்.

திரை விலகியது. கிரீடம், புஜகீர்த்தி, மார்பதக்கம் சகிதம் கர்ண மகாராஜா. எல்லாவற்றுக்கும் முன்னால் தொப்பை! ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் பொன்னுருவி வேஷத்திலும் ஒரு ஆண்தான். கை ஒவ்வொன்றும் உலக்கை. நானும் வெனிஸ்காரன் மாதிரி சிரித்துவிட்டேன்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என் முழங்காலைத் தட்டினாள். “வயித்த ஏன் பாக்கற தம்பி? பாட்டக் கேளு.”

கேட்டேன். தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று கர்ணனைக் கேவலமாகப் பேசுகிறாள் பொன்னுருவி. கடைசிப் போருக்குக் கிளம்பும் நேரத்தில்தான், தான் குந்தியின் பிள்ளை என்று அவன் சொல்கிறான். அவள் கதறுகிறாள். இனி என்ன பிரயோஜனம்? ஊர் வாயும் குலப் பெருமையும் குறுக்கே நின்று, புரியும்போது நேரம் போய்விடுகிறது. வெனிஸானால் என்ன, நெல்லிவாசலானால் என்ன!

தொப்பை எப்போது மறைந்தது என்று தெரியவில்லை. பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“கர்ணன் சாவான்னு தெரியும்தானே பாட்டி?”

“தெரியும். அதுக்கு?”

பதில் சொல்ல முடியாமல் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

‘த்ராவியாத்தா’வின் மிச்சக் கதையைச் சொல்லவில்லையே. சில இடங்களைத் திருத்தி, வேறு பாடகியைப் போட்டு, 1854 மே மாதம் அதே வெனிஸில் இன்னொரு தியேட்டரில் போட்டார்கள். அமோக வெற்றி! அன்றிலிருந்து உலகம் பூராவும் ஓடுகிறது. 1996-ல் ‘லா ஃபெனீசே’ தீயில் எரிந்து போனது. திரும்பக் கட்டி, 2004-ல் அங்கே போட்ட முதல் ஆபரா எது தெரியுமா? சிரித்துத் துரத்தினார்களே, அதேதான்.

வெனிஸ்காரர்களுக்கு மறுபடி காது கொடுக்கப் பதினாலு மாதம் ஆனது. எனக்கும் அப்பாவுக்கும் எட்டுதானே?

விடிந்து, கூத்து முடிந்தது. “சிக்னல் எங்க கிடைக்கும்?” என்றேன். டிரைவர் ஒரு பாறையைக் காட்டினார். தவழ்ந்து ஏறி நம்பரைப் போட்டேன். ரெண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டார்.

“அப்பா... நான்தான்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது.

“எங்கடா இருக்க?”

“ஜவ்வாது மலைலப்பா. ராத்திரி பூரா கூத்து பார்த்தேன். கர்ண மோட்சம்.”

“முழுசாவா பார்த்த? கர்ணன் வேஷம் எப்படி?”

“கொஞ்சம் குண்டுப்பா.”

“குரல்?”

சொல்ல வாயெடுத்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

“சரி, சரி. நேர்ல வந்து சொல்லு” என்றார் அப்பா. “அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வா... கேப்போம்.”