ஏழு லட்சம் சொன்ன ஹெரால்டு

நாங்கள் வந்து சேரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதல் நாளே போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். சூடான என்ஜின் பல கோளாறுகளை மறைத்துவிடும். கோவை கணபதியில், லேத் பட்டறைகளுக்கு நடுவே இருந்த அந்த ஷெட்டின் ஷட்டரை உரிமையாளர் தூக்கியதும், முதல் வேலையாக முன்பக்கத்தைத் திறந்து என்ஜின் மேல் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றும் மனிதர் என்று அப்போதே அவர் மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

வண்டி 1966 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இரண்டு கதவு. மேலே கிரீம், கீழே வான நீலம். டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி மின்னியது. கேட்ட விலை 7 லட்சம். சென்னையில் இருக்கும் நண்பருக்கு இந்த வண்டி மேல் ஒரே ஆசை. பணம் கொடுக்கும் முன் ஒருமுறை நேரில் பார்த்துச் சொல்லச் சொல்லியிருந்தார். ஹெரால்டுகள் ரோட்டில் சாதாரணமாக ஓடிய காலத்திலிருந்தே தகர வேலை பார்த்துவரும் ஒரு டிங்கரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எனக்கு அவர் அண்ணா.

உரிமையாளர் ஒரு தடித்த ஃபைலை நீட்டினார். “எட்டு லட்சத்து அறுபதாயிரம் செலவு பண்ணியிருக்கறனுங்க. பில்லு பூராவும் இருக்குது. ஒண்ணு அறுபது நட்டத்துக்குத்தான் குடுக்கறேன்.”

அவர் சொன்னது உண்மைதான். பில்களைப் புரட்டியபோதே தெரிந்தது. ஆனால் புதுப்பித்த பழைய காருக்கு விலை போடும்போது முதலில் தள்ளி வைக்க வேண்டியது இந்த ஃபைலைத்தான் என்பது என் உறுதியான கருத்து. ஒருவர் எவ்வளவு செலவழித்தார் என்பதை பில் சொல்லும். அந்தப் பணம் வண்டிக்குள் போய்ச் சேர்ந்ததா என்பதைச் சொல்லாது. ஹெரால்டு, மோரிஸ் மைனர், ஃபியட் மாதிரி எண்ணிக்கையில் நிறைய ஓடிய வண்டிகளை முழுதாகப் பிரித்துச் செய்தால், செய்த செலவு விலையைத் தாண்டிவிடுவது சகஜம். அந்த வித்தியாசத்தை ஆசைக்குக் கொடுத்த பணம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வாங்குபவர் தலையில் அதை ஏற்ற முடியாது.

அதனால் பில்லுக்குப் பதிலாகப் படங்களைக் கேட்டேன். செல்போனில் காட்டினார். மாட்டுக் கொட்டகை ஓரத்தில் துருப்பிடித்து நின்ற வண்டி, பிறகு மாலை போட்டுப் பூசணிக்காய் உடைக்கும் வண்டி. இடையில் ஒன்றுமில்லை.

“பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகரமா நின்னப்போ எடுத்த படம் ஏதாச்சும் இருக்குங்களா?”

“அந்த ஷெட்டுக்காரங்க அனுப்பவே இல்லீங்களே.”

முதல் படமும் கடைசிப் படமும் யாரும் எடுப்பார்கள். துருவை வெட்டி எறிந்து, புதுத் தகரம் வைத்து, பற்றவைத்து, பிரைமர் அடிக்கும் முன் எடுத்த படம்தான் விலைக்குச் சாட்சி. அது இல்லாதபோது, ஷெட்டுக்காரர் மூடிவைத்ததை நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

எங்கே தேடுவது என்பதை இந்த வண்டி கட்டப்பட்ட விதமே சொல்லிக்கொடுக்கும். இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டாக வந்தது இது. இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலொட்டி வரைந்த உருவம். அப்போது மற்ற கம்பெனிகள் சேஸிஸும் பாடியும் ஒன்றாகப் பற்றவைத்த கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்ட்-டிரையம்புக்கோ முழு பாடி அடித்துக் கொடுக்க ஆளில்லை; அவர்களுக்கு பாடி கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோவை 1953-லேயே போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. ஆகவே பழைய முறைப்படி தனி சேஸிஸ் வைத்து, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து, அதன் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். கூரையைக்கூடக் கழற்றலாம். முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, முன்னோக்கிச் சாயும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை பார்க்கலாம். இப்படித் துண்டாக வரும் வண்டியை வேறு நாட்டில் பூட்டுவதும் சுலபம். 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர் பக்கத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. நம்மூரில் செய்த கார் என்ற பாசம் அதன்மேல் இன்றும் பலருக்கு உண்டு, எனக்கும் உண்டு.

பாசம் இருக்கட்டும். போல்ட் போட்டு இணைத்த பாடியில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு கோடாகத் தெரியவேண்டும். கோடு மறைந்திருந்தால் அதன் மேல் பட்டி இழுத்திருக்கிறார்கள் என்று பொருள். அண்ணா கையை முன் மட்கார்டில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டே பின்பக்கம் வரை தடவிக்கொண்டு போனார். கதவு இடைவெளியில் விரல் நின்றது. மேலே சன்னமாகவும் கீழே அகலமாகவும் இருந்தது. ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார்.

பெயின்ட் கனம் அளக்கும் கருவியை எடுத்தேன். முன் பானெட்டில் 260 மைக்ரான், கதவின் நடுவில் 240. இரண்டாம் முறை பெயின்ட் அடித்த வண்டிக்கு இது சரியான அளவுதான். வலது பின்சக்கரத்தின் மேல் வளைவுக்கு வந்ததும் 1,700 காட்டியது. அண்ணாவுக்கு அந்தக் கருவியில் நம்பிக்கை கிடையாது. சட்டைப் பையிலிருந்து மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தத்தை எடுத்து கதவில் வைத்தார், ஒட்டிக்கொண்டது. சக்கர வளைவில் வைத்தார். வழுக்கி அவர் உள்ளங்கையிலேயே விழுந்தது. நான்கு விரல் அகலம் தள்ளி வைத்தார்; மறுபடி ஒட்டியது. அந்த எல்லையை பென்சிலால் லேசாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். உள்ளங்கையை விரித்து வைத்த அளவுக்கு ஓர் இடம்.

“சார், இங்க தகரமே இல்லீங்க. வலை வெச்சு பூரா பட்டி.”

உரிமையாளர் குனிந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. பில்லில் “புதுத் தகரம், நான்கு சக்கர வளைவு” என்று தெளிவாக எழுதியிருந்தது. ஏமாற்றப்பட்டவர் அவர்தான். அதைச் சொல்லிக்காட்ட எங்களுக்கு மனம் வரவில்லை.

டிக்கியில் கம்பளத்தைத் தூக்கி, ஸ்டெப்னி கிடக்கும் குழியைப் பார்த்தோம். அங்கே வேலை நேர்த்தி. நல்ல தகரம், ஒழுங்கான வெல்டிங், விளிம்புகளில் சீலர். கதவு ரப்பர் பீடிங்கை நகத்தால் தூக்கினால் உள்ளேயும் அதே கிரீம். ஆக, வண்டியைப் பிரித்துத்தான் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஒரே வண்டியில் நல்ல வேலையும் மோசமான வேலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஓரிடத்தில் பட்டியைப் பார்த்ததும் ‘எல்லாம் மோசடி’ என்று வீசிவிட்டு வருவதும் சரியில்லை, டிக்கியைப் பார்த்ததும் மயங்கிவிடுவதும் சரியில்லை.

ஷெட்டில் பிட் இருந்ததால் அடியில் இறங்க முடிந்தது. ஹெரால்டின் உயிர் இங்கேதான். நடுவில் ஓடும் சேஸிஸிலிருந்து இரு பக்கமும் கை நீட்டியதுபோல் குறுக்குச் சட்டங்கள் வரும். பாடி அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். மழைத் தண்ணீரும் சேறும் முதலில் தின்பது அவற்றின் நுனியை. அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புக் கோட்டிங் தடிமனாக அடித்திருந்தார்கள். அனுமதி கேட்டுக்கொண்டு அண்ணா ஓரிடத்தில் சுரண்டினார். பின்பக்கச் சட்டங்கள் இரண்டும் அச்சில் அழுத்தி வந்த பழைய வடிவத்தில் இல்லை. ஹார்டுவேர் கடையில் கேட் செய்ய வாங்குவோமே, அந்த பாக்ஸ் பைப்பை வெட்டிப் பற்றவைத்திருந்தார்கள். கதவு இடைவெளி மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி இருந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

பலம் போதுமா என்பதோடு இது முடியவில்லை. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பதிவு 10 ஆண்டு செல்லும். நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். அந்த நம்பரில் தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது என்று சில காரணங்களுக்கு மட்டுமே ரோட்டுக்கு வரலாம். முக்கியமான நிபந்தனை இன்னொன்று: சேஸிஸ், பாடி, என்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. நண்பர் பின்னாளில் அந்தப் பதிவுக்குப் போனால், பார்வையிடும் குழு பாக்ஸ் பைப்பைக் காட்டிக் கேள்வி கேட்க இடமுண்டு. சட்டங்களைச் சரியான வடிவில் செய்து மாற்றும் செலவை எப்படியும் விலையில் கழித்தாக வேண்டும்.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினோம். லேசான ஆட்டம். கீழே ட்ரன்னியன் என்ற வெண்கலப் பாகம் இருக்கிறது. சக்கரம் திரும்புவது அதன் மரையில்தான். அதற்கு விட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் அடித்தால் மரைக்குள் சரியாகப் போய்ச் சேராமல் தேய்ந்து, துருப்பிடித்து, ஒருநாள் முறிந்து சக்கரம் மடிந்துவிடும். இங்கே இரண்டு பக்கமும் கிரீஸ் பிதுங்கி நின்றது. பெரிய செலவில்லை, ஆனால் மாற்றாமல் சென்னை வரை ஓட்டிப் போகக் கூடாது என்று நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.

என்ஜின் சந்தோஷப்படுத்தியது. 948 சிசி, அதே பழைய என்ஜின்தான். வேறு வண்டியிலிருந்து தூக்கி வைத்ததில்லை. சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்ததும் பிடித்துக்கொண்டது, ஆயில் விளக்கு உடனே அணைந்தது, நீலப் புகை இல்லை. அண்ணா கிளட்ச்சை மிதிக்க, நான் முன்னால் நின்று கிராங்க் புல்லியைக் கவனித்தேன். அது கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால் உள்ளே த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்த என்ஜினின் பெரிய நோய் அது. நகரவில்லை. ஓட்டிப் பார்த்தபோது கியர்களும் நல்லபடி விழுந்தன. ஓடும்போது முதல் கியர் போட்டால் கரகரக்கும், அது பழுதல்ல, முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. குறுகிய சந்தில் ஒரே வீச்சில் வண்டியைத் திருப்பினேன். சுமார் 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும் கார் இது. இன்றைய சின்னக் கார்கள்கூட இதனிடம் தோற்கும்.

சில்லறைச் சாமான்கள் எல்லாம் இருந்தன. எழுத்து பேட்ஜ்கள், வீல் கப், கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, விளக்குக் கண்ணாடி. இவற்றை லேசாக நினைக்கக் கூடாது. புஷ் வேண்டுமென்றால் பக்கத்து லேத்தில் கடைந்து தருவார்கள். ஒரு பேட்ஜ் தொலைந்துபோனால் புதுப்பேட்டையிலும் உக்கடத்திலும் பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும், அப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

பிறகு காகிதங்கள். சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வெள்ளைத் தாள் வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்சியோடு ஒப்பிட்டேன். பொருந்தின. ஆர்சியில் இருந்த பெயர்தான் பொருந்தவில்லை. உரிமையாளர் வண்டியை ஒரு குடும்பத்திடம் வாங்கியிருக்கிறார். ஆர்சி அந்த வீட்டுப் பெரியவர் பேரிலேயே இருக்கிறது. பெரியவர் இப்போது உயிரோடு இல்லை. சாதாரண விற்பனைக்கு 29, 30 எண் படிவங்கள் போதும். இங்கே வாரிசுகள் 31-ஆம் எண் படிவம் கொடுத்துத் தங்கள் பேருக்கு மாற்றி, அதன் பிறகு இவர் பேருக்கு வந்தால்தான் என் நண்பர் முறையாக வாங்க முடியும். துருவுக்குச் செலவைக் கணக்குப் போட்டுக் கழிக்கலாம். இதற்குக் கழிவு என்று ஒரு தொகை கிடையாது. முடித்துத் தந்தால் வாங்கலாம், இல்லையென்றால் எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

இன்சூரன்ஸ் பாலிசியில் வண்டியின் மதிப்பு ஒன்றரை லட்சம் என்று இருந்தது. ஐந்து வயது தாண்டிய வண்டிக்கு அந்தத் தொகை கம்பெனியும் உரிமையாளரும் பேசி வைப்பது. பிரீமியம் குறையட்டும் என்று பலரும் தாழ்த்திப் போடுவார்கள். அதை நான் பேரத்துக்கு இழுக்கவில்லை.

டீ வந்தது. நோட்டை விரித்து வைத்து, அவர் பார்க்கவே கணக்குப் போட்டேன். உண்மையில் கைமாறியதாக எனக்கு நேரில் தெரிந்த இரண்டு ஹெரால்டுகளில் நல்லது போன விலை 4,75,000. விளம்பரத்தில் கேட்கும் விலையை நான் எப்போதும் அடிப்படையாக எடுப்பதில்லை; விற்றவர் கைக்கு வந்த பணம்தான் விலை. இந்த வண்டிக்குப் புது வயரிங், நல்ல சீட் வேலை இருப்பதால் 40,000 கூட்டினேன். பாடியைத் தூக்கி பின் சட்டங்களை மாற்ற 60,000, சக்கர வளைவுக்குத் தகரம் வைத்து அந்தப் பக்கம் முழுக்க பெயின்ட் அடிக்க 40,000, முன்சக்கர வேலைக்கு 15,000 கழித்தேன். நின்றது 4,00,000. அண்ணா ஒவ்வொரு தொகைக்கும் கூலி எவ்வளவு, சாமான் எவ்வளவு என்று பிரித்துச் சொன்னார்.

உரிமையாளர் ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாலுக்கு மனசு வரலீங்க. அந்த மூணு வேலையும் நானே பண்ணிக் குடுத்துட்டா?”

“அப்ப கழிச்சது பூராவும் திரும்ப ஏறிக்குமுங்க. அஞ்சு பதினஞ்சு. ஆனா வேலை நடக்கறப்போ ஒவ்வொரு கட்டத்துலயும் படம் வேணும். பிரைமர் அடிக்கறதுக்கு முன்னால அண்ணா ஒருவாட்டி வந்து பார்க்கணும்.”

சம்மதித்தார். நண்பரிடம் போனில் பேசி, 10,000 ரூபாய் முன்பணமாகக் கொடுத்தோம். சேஸிஸ் எண், என்ஜின் எண், செய்ய வேண்டிய மூன்று வேலைகள், விலை 5,15,000, ஆர்சி உரிமையாளர் பேருக்கு மாறிய பிறகே பாக்கிப் பணம், மாறாவிட்டால் முன்பணம் திரும்பிவிடும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். ட்ரன்னியனுக்கு எந்த ஆயில் விட வேண்டும் என்பதை அதே தாளின் கீழே எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.