குருபரப்பள்ளியில் மரம் எந்தப் பக்கம் நிற்கிறது?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இல், குந்தாரப்பள்ளியைத் தாண்டியதும் வருகிற ஊர் குருபரப்பள்ளி. பெங்களூருக்குப் பஸ்ஸில் போகிற பலரும் இந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். இறங்கியிருக்க மாட்டீர்கள். கன்னடத்தில் 'குருபரு' என்றால் ஆடு மேய்ப்பவர்கள், 'ஹள்ளி' என்றால் கிராமம். ஊரின் பெயரிலேயே எல்லைப்புறத்து வாழ்க்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஆட்டுச் சொந்தம் இன்னும் விட்டுப்போகவில்லை. பக்கத்துக் குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை கூடும் வாரச்சந்தைக்கு ஆடு வாங்கவும் விற்கவும் வெளியூர்களிலிருந்து இன்றும் ஆட்கள் வருகிறார்கள்.

ஓசூர்ப் பக்கம் போனால் மேலுமலைக் கணவாய். சுற்றிலும் கருங்கல் குன்றுகள், நடுநடுவே மாந்தோப்புகள். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் 'பெங்களூரா' என்ற தோத்தாபுரி மாம்பழம் இப்படிப்பட்ட தோப்புகளில்தான் விளைகிறது. அந்தத் தோப்புகளுக்கு நடுவே இப்போது சிப்காட் தொழிற்பூங்கா. 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் முதலில் ஓசூரைத் தொழில் நகரமாக்கியது. பிறகு பர்கூர், சூளகிரி, குருபரப்பள்ளி என்று நெடுஞ்சாலையை ஒட்டியே தொழிற்சாலைகள் பரவின. தைவானின் டெல்டா எலக்ட்ரானிக்ஸ் போன்ற நிறுவனங்கள் இங்கே வந்திருக்கின்றன. வீட்டுக்கு ஒரு பிள்ளைக்காவது கம்பெனி வேலை என்பது இந்தப் பக்கத்தில் பெரிய ஆறுதல். அதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் நெடுஞ்சாலையை விட்டு உள்தெருவில் நடந்தால் வேறொரு கேள்வி எழுகிறது. ஒரு பக்கம் மாடு கட்டிய வாசல், மறுபக்கம் பத்தடி மதில். இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்க வேண்டும்?

டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "வேலை வந்ததுல குறையே இல்லப்பா. ராத்திரி பூரா லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம், ஜன்னல்ல வந்து விழற வெளிச்சம், இதுதான் தாங்கல. கேட்டா, நாங்க மரம் வெச்சிருக்கோமேங்கறாங்க. வெச்சிருக்காங்க, நிஜம்தான். எல்லாம் ரோட்டுப் பக்கம் கேட்டுக்கிட்ட இருக்கு" என்றார்.

அவர் சொன்ன கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு விதிகள் இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, தொழிற்பகுதியில் பகலில் 75 டெசிபல், இரவில் 70 டெசிபல் வரை சத்தம் இருக்கலாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45தான் வரம்பு. இரவு என்பது பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை. அதாவது மதிலுக்கு அந்தப் பக்கம் 70, இந்தப் பக்கம் 45. பத்து டெசிபல் கூடினாலே நம் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரு மடங்காகக் கேட்கும். அப்படியென்றால் 25 டெசிபல் இடைவெளியை எது குறைப்பது?

மரம் குறைக்கும். ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. நூறு அடி, அதாவது சுமார் 30 மீட்டர் அகலத்துக்கு அடர்த்தியாக நட்டால் 5 முதல் 8 டெசிபல் வரை குறையும் என்று அமெரிக்க வேளாண் துறையின் வழிகாட்டி சொல்கிறது. மதிலோரம் ஒற்றை வரிசையில் நிற்கிற அசோகமரம் கண்ணுக்கு அழகு. காதுக்கு அதனால் பெரிய பயன் கிடையாது. ஆகவே முதலில் தூரம், அடுத்து மண்மேடு அல்லது மதில், அதற்குப் பிறகு மரம். மூன்றும் சேர்ந்தால்தான் வீட்டில் தூக்கம் வரும்.

தூசு விஷயத்தில் மரம் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமை வளையம் அமைப்பதற்கென்றே 2000-இல் தனி வழிகாட்டி நூல் வெளியிட்டது. புகையும் தூசும் கிளம்புகிற பக்கம் புதர்ச்செடிகள், அதற்குப் பின்னால் நடுத்தர மரங்கள், கடைசியில் உயர்ந்த மரங்கள் என்று படிப்படியாக ஏற வேண்டும். தரையிலிருந்தே இலை இருந்தால்தான் தூசு சிக்கும். காற்றின் திசையும் முக்கியம். இந்தப் பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று அடிக்கும். ஆடிக்காற்றில் தொழிற்சாலைக்குக் கிழக்கே இருக்கிற தெருவுக்குத்தான் தூசு வரும். அந்தப் பக்கம் வெறுமையாக விட்டுவிட்டு, நுழைவாயிலில் புல்தரை போட்டு என்ன லாபம்?

இங்கேதான் சட்டத்தின் கணக்கும் ஊரின் கணக்கும் பிரிகின்றன. சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டிய தொழிற்பேட்டைகளுக்கு 33 சதவீதம் பசுமைப் பரப்பு என்பது பல ஆண்டுகளாக வழக்கமாக விதிக்கப்பட்டு வந்த நிபந்தனை. சதவீதத்தை எந்த மூலையில் வேண்டுமானாலும் காட்டிவிடலாம். ஊருக்கு வேண்டியது, வீடு இருக்கிற பக்கத்தில் ஒரு பட்டை.

சிங்கப்பூரில் கணக்கு வேறு. அங்கே தொழிற்சாலையின் வகையைப் பொறுத்து வீட்டுக்கும் அதற்கும் இடையே தூரமே நிர்ணயிக்கிறார்கள். இலகுவகைத் தொழிலுக்கு 50 மீட்டர், பொதுவகைத் தொழிலுக்கு 100 மீட்டர், சிறப்புவகைத் தொழிலுக்கு 500 மீட்டர். அமெரிக்காவின் பல ஊர்களில் கடையும் வீடும் ஒரே எல்லையைப் பகிர்ந்தால், நடுவே இத்தனை அடி அகலம், இத்தனை அடிக்கு ஒரு மரம் என்று உள்ளாட்சி விதியே சொல்கிறது. நட்ட செடி பட்டுப்போனால் மறுபடி நடுவதும் இடத்துக்காரர் பொறுப்பு.

தவறு ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. தொழிற்சாலை வந்த பிறகு, 'சிப்காட் அருகில்' என்று விளம்பரம் செய்து அதன் மதில் வரைக்கும் வீட்டுமனை போடுவதும் நடக்கிறது. பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக 10 சதவீத இடத்தைப் பொதுத் திறந்தவெளியாக விட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த இடத்தைத் தொழிற்சாலைப் பக்கமாக ஒதுக்கி மரம் வைத்தால் பாதிப் பிரச்னை வரைபடத்திலேயே தீர்ந்துவிடும்.

எந்த மரம்? இந்த மண்ணுக்குப் புங்கன், வேம்பு, புளி, நாவல். கீழே நொச்சி, ஆடாதொடை. ஆடு மாடு அவ்வளவாக வாய் வைக்காது. நம் தாத்தாக்கள் கிளுவை வேலி போட்ட சூட்சுமமும் இதுதான்: ஒரு குச்சியை நட்டால் போதும், உயிர்வேலியாகிவிடும். 'சீக்கிரம் மறைக்கும்' என்பதற்காக ஊரெங்கும் நட்ட கோனோகார்பஸ் மரத்துக்குத் தமிழ்நாடு அரசு 2025-இல் தடை போட்டதை மறந்துவிட வேண்டாம்.

ஊர்க்காரர்கள் கையில் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதங்கள் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் கிடைக்கும். அனுமதி பெற்றவர்கள் நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அறிக்கை தர வேண்டும். கிடைக்காத தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில், "பசுமைப் பட்டை எங்கள் தெருப் பக்கம் வேண்டும்" என்று தெருவின் பெயரைச் சொல்லித் தீர்மானம் போடலாம். புதிய ஆலைக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், வேலைவாய்ப்பைக் கேட்கும்போதே இதையும் கேளுங்கள்.

கேட்பதற்கு நேரம் முக்கியம். ஒரு ஆலைக் கட்டடம் ஒன்றிரண்டு வருடத்தில் எழுந்துவிடும். புங்கன் கன்று மதிலைத் தாண்டித் தழைக்க அதைவிட அதிக வருடம் ஆகும். நிலத்தைச் சமன் செய்ய வண்டி வருகிற அன்றே ஊர்ப் பக்கத்து எல்லையில் குழி தோண்டினால்தான், முதல் இரவு ஷிப்ட் தொடங்கும்போது கொஞ்சமாவது நிழலும் மறைப்பும் இருக்கும். குருபரப்பள்ளியைச் சுற்றி இன்னும் கட்டப்படாத மனைகள் இருக்கின்றன. அங்கெல்லாம் இந்தக் கேள்வியை இப்போதே கேட்டுவிடலாம்.