ஈரத் தடம்

உடன்குடியிலிருந்து குலசை என்கிற குலசேகரன்பட்டினம் போகும் சாலையோரம் ஒரு வாட்டர் சர்வீஸ். புரட்டாசி பிறந்த வாரம். சிமென்ட் தளத்தில் கோடு போட வந்த பெயிண்டர் அண்ணாச்சி டப்பாவைத் திறக்கவே இல்லை. சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்து, கழுவி முடித்து வெளியேறும் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் குலசை அம்மனுக்குப் போட்ட மாலை. ஒவ்வொரு வண்டியும் சொட்டச் சொட்டப் போய்த் தளத்தில் ஈரத் தடம் விட்டது. அது காய்வதற்குள் எழுந்து போய், அதன் ஓரத்தில் சாக்கட்டியால் புள்ளி வைத்தார்.

“மொதலாளி நேரா கோடு போடச் சொல்லுதாரு. வண்டி நேரா போகலயே, பாத்தியளா?” என்று என்னைக் கேட்டார்.

பார்த்தேன். வாசலில் இடப்பக்கம் சாலையேற வேண்டிய வேன்கள் முதலில் வலப்பக்கம் அகன்று, பிறகுதான் திரும்பின. முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போவதில்லை. வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வருகிறது. நேர்க்கோடு போட்டால் அந்தப் பின்சக்கரமே நாள்தோறும் அதைத் தேய்த்துத் தின்றுவிடும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1911-இல் சாலை நடுவே கோடு போடவைத்தவர் எட்வர்ட் ஹைன்ஸ். பால் வண்டி ஒழுகிப்போன தடத்தைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். ஆச்சரியப்படவில்லை. “அவரும் நின்னு பாத்திருக்காரு” என்றார்.

இரவு தளத்தைக் கழுவினார்கள். இந்தப் பக்கத்துத் தேரி மணலின் செம்மண் தூள் எங்கும் படிந்திருக்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் தளம் உண்மையில் சுத்தமில்லை. விடிந்ததும் அண்ணாச்சி ஒரு துண்டு டேப்பை ஒட்டிப் பிய்த்து என்னிடம் காட்டினார். பசைப் பக்கம் முழுக்கச் சிவப்பு. “இதுமேல அடிச்சா பெயிண்ட் மண்ணத்தான் பிடிக்கும், தரையப் பிடிக்காது.” மறுபடி கழுவினார்கள். எண்ணெய்க் கறை இருந்த இடத்தில் சொட்டுத் தண்ணீர் விட்டார். தாமரை இலையில் நிற்பதுபோல அது முத்தாக நின்றது. அங்கே சோப்புத் தூள் போட்டு, சொட்டுத் தண்ணீர் பரவி ஊறும்வரை தேய்க்க வேண்டியிருந்தது கையாள் தம்பிக்கு. காய வைத்து முடிக்க அன்றைய பகல் போய்விட்டது. இந்த வேலையில் பெயிண்ட் அடிப்பதுதான் கடைசிக் கால்பங்கு, முக்கால்பங்கு துடைப்பம்தான். கூலி பேசுபவர்கள் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அந்தப் பகலில்தான் முதலாளியோடு பேச்சு நடந்தது. இடத்தின் அகலம் 32 அடி. மூன்று வண்டி கழுவ மூன்று கட்டம் வேண்டும் என்றார் அவர். கார் ஆறடிக்குள் அடங்கிவிடும். ஆனால் இருபக்கக் கதவும் திறக்க வேண்டும். பிரஷர் கன்னோடு ஆள் சுற்றிவர வேண்டும். 12 அடி இல்லாமல் முடியாது என்றார் அண்ணாச்சி. இரண்டு கட்டத்துக்கு 24 அடி. மிச்சம் 8 அடி, காத்திருக்கும் வண்டிகளுக்கு.

“காத்திருக்கிறவன் ரோட்டுல நிக்கட்டும் அண்ணாச்சி.”

“ஆயுத பூசைக்கு முந்துன நாள் ரோட்டுல யாரு நடப்பா, மொதலாளி?”

முதலாளி பேசவில்லை. ஆயுத பூசைக்கு ஊரிலுள்ள வண்டியெல்லாம் கழுவ வரும். அதே நாட்களில்தான் குலசை முத்தாரம்மன் கோயில் தசரா. காளி, குறவன், குறத்தி என்று வேடம் கட்டியவர்கள் ராத்திரியிலும் கூட்டம் கூட்டமாகச் சாலையோரம் நடப்பார்கள், பலர் வெறுங்காலோடு. ஓரத்தில் வண்டி வரிசை நின்றால் அவர்கள் நடுச்சாலைக்குத்தான் இறங்க வேண்டும். இரண்டு கட்டம் என்று முடிவானது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் வெயில் ஏறுமுன் நூல் அடித்தார்கள். மூன்றடி, நாலடி, குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை சரி, கொத்தனார் கணக்கேதான். வாசல் வளைவுக்கு மட்டும் நூல் இல்லை, முந்தாநாள் வைத்த சாக்கட்டிப் புள்ளிகளை, கழுவுமுன் அளந்துவைத்த கணக்கில் மறுபடி வைத்து, கையால் இழுத்துச் சேர்த்தார். அம்புக்குறி வெட்டிய தகரம் வினோதமாக நீண்டிருந்தது. ஓட்டுநர் சாய்ந்த பார்வையில் பார்ப்பதால் தரையில் நீளமாக இருந்தால்தான் அவர் கண்ணுக்கு அம்பு அம்பாகத் தெரியும். உள்கோடுகளில், ஈரத்தில் ஆள் வழுக்காமலிருக்க, முதல் பூச்சு காயுமுன் சலித்த மணல் தூவினார்.

வாசலில் நிறுத்தக் கோட்டுக்கு மட்டும் கண்ணாடி மணி. விரலிடுக்கில் நழுவும் சீனி போன்ற பொடி அது. ஒவ்வொரு மணியும் பெயிண்டில் பாதி புதைந்து பாதி வெளியே நிற்க வேண்டும். அப்போதுதான் விளக்கொளி வந்த திசைக்கே திரும்பும். முழுக்க மூழ்கினால் ஒளி வராது. மேலாக ஒட்டினால் சக்கரத்தோடு போய்விடும்.

இருட்டியபின் என் பைக்கை உள்ளே நிறுத்தி, ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். கோடு பளிச்சென்று எழுந்தது. அண்ணாச்சி என் பக்கத்தில் குனிந்து முழுக் கோட்டையும் பார்த்துவந்தார்; பார்வை வலக்கோடியில் நின்றது. அங்கே ஒரு சாண் மட்டும் மங்கல். மணி மூழ்கியிருந்தது.

“ஏல, டேப்ப எடுத்துட்டு வா” என்று தம்பியைக் கூப்பிட்டார்.