அண்டா

மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்ற இரண்டாம் வகுப்புப் பிள்ளை "அண்டா, அண்டா" என்றது. என் பயிற்சி மாணவி சாம்பார் அண்டாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சூடு, கிட்ட வராதே" என்று விலக்கிவிட்டாள். பிள்ளை வெறும் சோற்றோடு போய் உட்கார்ந்தது. கோழிப் பண்ணையில் வேலை பார்க்கும் ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளை. ஒடியாவில் அண்டா என்றால் முட்டை. லாரி லாரியாக முட்டை ஏற்றுகிற நாமக்கல்லில் நடந்தது இது.

"சொல்வதைக் கவனிப்பதில்லை" என்று அந்தப் பிள்ளையைப் பற்றிக் குறிப்பேட்டில் எழுதியிருந்தாள். கீழே சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டவன் நான். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை உருவாக்குவதுதான் என் பிழைப்பு.

வேற்று மொழிப் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளட்டும் என்று சில நாடுகளில் பயிற்சி ஆசிரியர்களை அயல்நாட்டுக்கு அனுப்பி, அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கவைத்துப் பாடம் நடத்தச் சொல்கிறார்கள். நம் அரசும் 2024 அக்டோபரில் 'கனவு ஆசிரியர்' என்று தேர்ந்தெடுத்த 55 ஆசிரியர்களை பிரான்சுக்கு அழைத்துப்போனது. நல்ல காரியம். ஆனால் சுற்றுலா போகிறவர் விருந்தாளி. பாஷை தெரியாமல் பசியோடு வரிசையில் நிற்பது வேறு.

பாஷை தெரியாத இடம் என்றதும் எனக்குக் கல்வியாளர் மரியா மாண்டிசோரிதான் ஞாபகத்துக்கு வருவார். பிரம்மஞான சபை அழைத்து 1939-ல் அடையாறு வந்தவர். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கவேண்டியதாயிற்று. அவர் இத்தாலியில் பாடம் சொல்ல, மகன் மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வார். பிள்ளைகளின் பேச்சு புரியாதவருக்கு அவர்கள் கையைக் கவனிப்பதைத் தவிர வேறு வழி ஏது?

இப்போதெல்லாம் முதலாண்டின் முதல் வகுப்பை நான் எடுப்பதில்லை. பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் ஒடியாக்காரப் பெண் ஒருவர் வந்து, நாற்பது நிமிடம் முழுக்க ஒடியாவிலேயே நடத்துவார். ஏக்க, துயி, தினி... முதலில் சிரிப்பு. பத்து நிமிடத்தில் அது அடங்கும். பிறகு ஒருத்தன் ஜன்னலைப் பார்ப்பான், ஒருத்தி பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவாள், கடைசி பெஞ்சில் ஒருவன் தூங்கியே போவான். பிள்ளைகளைப் பற்றி நாங்கள் எழுதுகிற குற்றப் பட்டியல் மொத்தமும் அந்த அறையில் நடந்துவிடும்.

அடுத்த ஞாயிறு பண்ணை லைன் வீடுகளுக்குப் போவோம். கோழி எரு வாடைக்கு மூக்கைப் பொத்துகிறவர்கள் முதல் தடவை மட்டும்தான் பொத்துவார்கள். போனமுறை ஒரு வீட்டில் பக்காள கொடுத்தார்கள். "சார், இது நம்ம பழைய சோறுங்க!" என்றான் எடப்பாடிப் பையன். வெங்காயம் கேட்டு வாங்கிக் கடித்துக்கொண்டான். எந்தப் பாடப்புத்தகத்தை வைத்து இதை நடத்துவது?

முட்டை கேட்ட பிள்ளை மறு வருஷம் பள்ளியில் இல்லை. குடும்பம் வேறு பண்ணைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். குறிப்பேட்டில் இப்போது "வீட்டில் பேசும் மொழி" என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அது காலியாக இருந்தால் கையெழுத்துப் போடுவதில்லை.