குகைக்குள் அடங்காத கப்பல்படை

ஹாங்காங்கின் சியுங் சாவ் தீவில், தென்மேற்கு முனையின் கருங்கற் பாறைகளுக்கு நடுவே ஒரு குகை இருக்கிறது. சியுங் போ சாய் என்ற கடற்கொள்ளைத் தலைவர் புதையலை ஒளித்துவைத்த இடம் என்று ஊரார் சொல்கிறார்கள். குகை என்பதைவிடப் பாறை வெடிப்பு என்றால் பொருந்தும். இரும்பு ஏணியில் இறங்கி, டார்ச் வெளிச்சத்தில் தோளை ஒருக்களித்துக்கொண்டு நகர்ந்தால் சில நிமிடங்களில் மறுபக்கம் ஏறிவிடலாம். கொஞ்சம் பருத்த உடம்பு என்றால் சிரமம்தான். இந்தக் குகை அந்த மனிதரின் வரலாற்றைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறது என்பது என் கருத்து. குமரி மாவட்டத்திலிருந்து இங்கே வந்து வாழ்பவர்களுக்கு, குலசேகரம் போன்ற ரப்பர் தோட்டத்து ஊரில் வளர்ந்தவர்களுக்கும்கூட, அதைப் புரிந்துகொள்ள நம் கடற்கரையின் வரலாறே போதும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1810 ஏப்ரலில் சியுங் போ சாயின் கப்பல்படை சீனாவின் சிங் பேரரசிடம் சரணடைந்தபோது ஒப்படைத்தவை 226 கப்பல்கள், 1,300க்கும் மேற்பட்ட பீரங்கிகள். ஆட்கள் 17,000க்கும் மேல். இத்தனை பேருக்கு அன்றாடம் அரிசி வேண்டும், வெடிமருந்து வேண்டும், பாய்மரம் பழுதுபார்க்க ஒதுங்குமிடம் வேண்டும். அகப்பட்ட கப்பலைச் சூறையாடி மட்டும் இதைத் தாங்க முடியாது. நிலையான வரும்படி வந்தது அனுமதிச் சீட்டில். உப்புக் கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் பணம் கட்டிச் சீட்டு வாங்கின. நடுக்கடலில் மறித்தால் அதைக் காட்டிவிட்டுப் போயின. கையில் வந்த பணம் படையை நடத்தவே செலவாகிக்கொண்டிருக்க, பாறையிடுக்கில் பெட்டியைப் புதைக்கவேண்டிய தேவை எங்கிருந்து வரும்? 1807இல் படைத்தலைவர் செங் யீ இறந்ததும் தலைமையை ஏற்றவர் அவருடைய மனைவி செங் யீ சாவ். தான்கா எனப்படும் படகுவாழ் மீனவர் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் கொள்ளையரால் பிடிக்கப்பட்ட சியுங் போ சாய் அந்தப் பெண்ணின் தளபதியாக வளர்ந்தார், பிறகு கணவரும் ஆனார். புதையல் கதையில் செங் யீ சாவுக்கு இடமே இல்லை. எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

சீட்டுக் கொடுத்துக் கடலை ஆளும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அரபிக்கடலில் செய்ததும் அதையேதான். அவர்களுடைய 'கர்த்தாஸ்' சீட்டில் கப்பல், அதன் தலைவன், சரக்கு, போகும் துறைமுகம் எல்லாம் எழுதியிருக்கும். சீட்டு இல்லாத கப்பலைச் சரக்கோடு பிடித்துக்கொள்வார்கள். அதை எதிர்த்துக் கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியின் கடற்படையை நடத்திய குஞ்ஞாலி மரைக்காயர்களைக் கொள்ளையர் என்று எழுதிவைத்தவர்களும் அவர்களே. நான்காம் குஞ்ஞாலியை 1600இல் கோவாவில் தலைவெட்டிக் கொன்றார்கள். இன்று மும்பையில் ஒரு கடற்படைத் தளம் குஞ்ஞாலி என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.

அரசன் நியமித்த தளபதியையும் 1810 வரை எந்த நியமனமும் இல்லாத ஒருவரையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்பது நியாயம். வைக்கக்கூடாது. சியுங் போ சாயின் பிற்பகுதி வாழ்க்கைக்கு இன்னும் நெருக்கமானவர் நம் உதயகிரிக் கோட்டையில் கிடக்கிறார். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்ட டச்சுத் தரப்பின் டி லனாய், திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கி 'வலிய கப்பித்தான்' ஆகி, 1777இல் இறந்தார். சியுங் போ சாயும் சரணடைந்தபின் சிங் கடற்படை அதிகாரியானார். 1822இல் பதவியில் இருக்கும்போதே மறைந்தார். கப்பல் தெரிந்த எதிரியை இரண்டு அரசுகளும் கொல்லாமல் வேலைக்கு வைத்துக்கொண்டன.

இப்படி எழுதுவது கொள்ளைக்காரரைப் புகழ்வதாகாதா என்றும் கேட்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலின் அதிகாரியாக இருந்து 1809இல் இந்தக் கொள்ளையரிடம் பிடிபட்ட ரிச்சர்ட் கிளாஸ்பூல் கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறார்: ஊர்கள் எரிந்தன, பெண்களைப் பிடித்துவந்து மீட்புப் பணம் கேட்டார்கள். புதையல் தேடும் விளையாட்டில் இந்தப் பெண்களும் காணாமல் போகிறார்கள். அதனாலும் அந்தக் கதை போதாது என்கிறேன். தண்டனையிலும் மன்னிப்பிலும் ஒரே அளவுகோல் வேண்டும். இந்தக் கொள்ளையர் திரிந்த அதே முத்தாற்று முகத்துவாரத்தில், இந்தியாவில் விளைந்த அபினியைச் சீனச் சட்டத்தை மீறி விற்றுக் கொழுத்த ஜார்டீன், மாதிசன் இருவரின் பெயரிலும் காஸ்வே பேயில் தெருக்கள் இருக்கின்றன. கடலோடிக்குக் கிடைத்தது ஒரு பாறை வெடிப்பு.

கதை இல்லாவிட்டால் சியுங் சாவின் அந்த மூலைக்கு யார் வருவார்கள், படகோட்டிகளின் பிழைப்பு என்னாவது என்பதும் உண்மைதான். குகைக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊரிலிருந்து வருபவர்களுக்குத் துங் சுங் விரிகுடாவையும் காட்டுங்கள். விமான நிலையத்தை ஒட்டிய அந்த நீர்ப்பரப்பில்தான் 1809 நவம்பரில் போர்ச்சுகீசியக் கப்பல்களும் சிங் கப்பல்களும் சேர்ந்து இந்தப் படையை வளைத்து நின்றன. நாள்கணக்கில் நீடித்த முற்றுகையை உடைத்துக்கொண்டு கொள்ளையர் வெளியேறினார்கள். சற்றுத் தள்ளி, சிங் அரசு 1832இல் கட்டிய கோட்டையின் மதிலும் பீரங்கிகளும் இருக்கின்றன. எம்.டி.ஆர். நிலையத்திலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். ஊருக்குத் திரும்பும் விமானத்துக்குக் கிளம்பும் நாளில் கொஞ்சம் முன்னதாகப் புறப்பட்டால் போதும்.