தைக்க முடியாத கிழிசல்

போன மார்கழியில் ஒரு விடிகாலை, 15 புள்ளி ஊடுபுள்ளிக் கோலத்தின் ஓரத்தில் குந்தியிருந்தேன். கடைசி இதழுக்கு மாவு போதவில்லை. எழுந்து போய் எடுத்திருக்கலாம். எழாமல் உடம்பை மட்டும் திருப்பிக் கிண்ணத்தை எட்டினேன். வலது முழங்காலின் உட்பக்கம் ‘டக்’கென்று ஒரு சத்தம். வலி உடனே வரவில்லை. எழப் பார்த்தபோதுதான் வந்தது. அப்படியே கையை ஊன்றித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாதிக் கோலம் என் புடவையில் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரங்களில் என் வீடே எனக்கு வேறாகத் தெரிந்தது. வாசல்படியின் உயரம், பஸ்ஸின் முதல் படி, இந்தியன் டாய்லெட், பாயிலிருந்து எழுவது, இவையெல்லாம் ஒவ்வொன்றும் முன்கூட்டியே யோசித்துச் செய்யவேண்டிய காரியங்களாயின. இரவில் ஒரு முட்டி இன்னொரு முட்டியைத் தொட்டால் விழித்துக்கொள்வேன். நடுவில் தலையணை வைத்துத்தான் தூக்கம். நான் கணக்கு ஆசிரியை. என் பத்தாம் வகுப்பு மாடியில். இருபத்திரண்டு படிகள் என்பது இத்தனை வருடமும் எனக்குத் தெரியாது, இப்போது தெரியும்.

முதலில் பார்த்த டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “ஜவ்வு கிழிஞ்சிருக்கு. சின்னத் துளை போட்டுச் சரி பண்ணிடலாம். வர்ற வியாழக்கிழமை வச்சுக்கலாமா?” என்றார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். எனக்கும் அந்த நிமிடத்தில் யாராவது எதையாவது செய்து வலியை நிறுத்தினால் போதும் என்றுதான் இருந்தது. சரி என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன்.

‘கிழிந்திருக்கிறது’ என்ற சொல்தான் அன்று ராத்திரி முழுவதும் மனசில் ஓடியது. கிழிசல் என்றால் தைக்க வேண்டும். தைக்காமல் விட்டால் பெரிதாகும். துணியை வைத்துத்தான் எனக்கு அந்தச் சொல் புரியும். ஒவ்வோர் அடிக்கும் உள்ளே இன்னும் ஒரு நூல் பிரிவதாகவே நினைத்துக்கொண்டு நடந்தேன். பாத்ரூமுக்கு நடப்பதற்குக்கூடப் பயந்தேன்.

என் அம்மா நாற்பது வருடம் தையல் மெஷின் மிதித்தவள். 78 வயதில் இன்றைக்கும் தரையில் குந்தி உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறாள். அவளிடம் சொன்னேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “உனக்கு என்ன வயசு ஆகுது? அம்பத்தி மூணு. பழைய துணியில தையல் நிக்காதுத்தா. ஊசி போன எடத்துலயே அடுத்தாப்புல கிழியும். நல்லா விசாரிச்சுட்டுச் செய்யி” என்றாள். வியாழக்கிழமையைத் தள்ளிவைத்தேன்.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு முட்டியும் முழுசாகத் தேய்ந்து, மாற்று அறுவை செய்துகொண்டவள் அவள். இப்போது சுகமாக நடக்கிறாள். “தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு நான் பட்ட பாடு போதாதாடி?” என்று போனில் அழுதாள். பக்கத்து வீட்டிலிருந்து புத்தூர் கட்டுக்கு அழைத்துப்போகத் தயாராக இருந்தார்கள். முடக்கத்தான் ரசம் தினமும் வந்தது. ரசத்தைக் குடித்தேன், அன்போடு வந்ததை எப்படி மறுக்க? கட்டுப் போடப் போகவில்லை. எலும்பு முறிவுக்குப் பேர்போன இடம் அது. எனக்கு எலும்பில் ஒன்றுமில்லை.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் படத்தை மேசையில் வைத்துவிட்டு முதலில் முட்டியைத் தொட்டார். மடக்கினார், நீட்டினார், திருகினார். எங்கே அழுத்தினால் கத்துகிறேன் என்று பார்த்தார். “நடுவுல கால் பூட்டு விழுந்த மாதிரி சிக்கிக்குதா டீச்சர்? முழுசா நீட்ட முடியாமப் போகுதா?” என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை. ‘டக்’கென்று சத்தம் கேட்டதாகச் சொன்னதும்தான் படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார். ஜவ்வு எலும்போடு பற்றியிருக்கும் முனையை வேர் என்கிறார்கள். தரையில் குந்தி எழும் பழக்கமுள்ள ஆசிய நாடுகளில், நடுவயதுப் பெண்களுக்கு அந்த வேரே பிய்ந்துபோவது உண்டாம். பிய்ந்திருந்தால் திரும்பக் கட்டிவைப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்றார். எனக்கு வேர் பிய்யவில்லை. ஜவ்வின் பின்பகுதிதான் கிழிந்திருந்தது.

பிறகு ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே, பிறை வடிவத்தில் இரண்டு குருத்தெலும்பு மெத்தைகள். உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. நாம் ஜவ்வு என்று சொல்வது அவற்றைத்தான். எலும்பை எலும்போடு கட்டும் நாரையும் அதே பேரில் சொல்கிறோம். ஜவ்வு கிழிந்தது என்று இரண்டு பேர் சொன்னால் இரண்டும் ஒரே கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது. இந்தப் பிறையின் வெளிவிளிம்புக்குத்தான் ரத்த ஓட்டம் உண்டு. உள்விளிம்புக்கு இல்லை. ரத்தம் போகாத இடத்தில் தையல் போட்டாலும் ஒட்டுவது அரிது. அதிலும் வயதாகி நைந்த ஜவ்வு. “அப்ப ஆபரேஷன்ல என்னதான் டாக்டர் செய்வீங்க?” என்று கேட்டேன். “கிழிஞ்ச பகுதியைக் கத்தரிச்சு எடுத்துட்டு ஓரத்தைச் சீராக்குவோம்” என்றார்.

அதுவரை தைக்கப்போகிறார்கள் என்றே நான் நம்பியிருந்தேன். யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. ‘சரி பண்ணிடலாம்’ என்ற சொல்லுக்குள் நானே தையலை வைத்துக்கொண்டேன். போகப்போவது மெத்தையின் ஒரு துண்டு என்று தெரிந்ததும் என் கேள்வியே மாறிவிட்டது. கிழிசலை அப்படியே விடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தவள், இருப்பதையும் இழக்கலாமா என்று கேட்க ஆரம்பித்தேன்.

ஒரு காலத்தில் கிழிந்த ஜவ்வை முழுசாகவே எடுத்துவிடுவார்கள். எடுத்த முட்டிகளின் எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி குறுகி, எலும்பு தட்டையாகிப் போவதை 1948ல் ஃபேர்பேங்க் என்ற இங்கிலாந்து மருத்துவர் எழுதினார். அதன் பிறகும் வெகுகாலம் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இப்போது செய்கிற கத்தரிப்பைப் பற்றிப் பின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வை டாக்டர் சொன்னார்; வீட்டுக்கு வந்து நானே தேடிப் படித்தேன். 2013ல் வெளியானது. 35 வயதிலிருந்து 65 வயது வரையுள்ள 146 பேர். வயதால் நைந்து ஜவ்வு கிழிந்தவர்கள், மூட்டுத் தேய்மானம் இல்லாதவர்கள். எல்லோருக்கும் துளை போட்டு உள்ளே பார்த்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஜவ்வைக் கத்தரித்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. கருவிகளைக் கேட்டு வாங்கி, காலை மடக்கி நீட்டி, அதே நேரம் மேசையில் வைத்திருந்து செய்ததுபோலக் காட்டினார்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் இரு குழுவினரும் நன்றாகத் தேறியிருந்தார்கள். குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

கணக்கு சொல்லித்தருகிறவள் என்பதால் எண்கள் என்னைத் தேற்றியது உண்மை. அதைவிட அந்த 146 பேரும் என்னைத் தொட்டார்கள். எனக்கு வந்த அதே வலியோடு இருந்தவர்கள். தங்களுக்கு எது செய்யப்பட்டது என்று தெரியாமலே இருக்கச் சம்மதித்திருக்கிறார்கள். அந்தச் சம்மதத்தால்தான் மதுரையில் நான் ராத்திரி உட்கார்ந்து யோசிக்க ஓர் ஆதாரம் கிடைத்தது.

இன்னொன்றும் படித்தேன். அமெரிக்காவில் ஃப்ரேமிங்காம் என்ற ஊரில், 50 வயதுக்கு மேற்பட்ட 991 பேருக்கு வலி இருக்கிறதா இல்லையா என்று பாராமல் முட்டியை ஸ்கேன் எடுத்தார்கள். ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியே இல்லை. படித்துவிட்டு நிமிர்ந்தால், அம்மா குந்தியபடி அடுப்படித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முட்டியைப் படம் எடுத்தால் என்னென்ன தெரியும்? படத்தில் தெரிகிற கிழிசல்தான் என் வலிக்குக் காரணம் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். அது அவ்வளவு நிச்சயமில்லை என்று அன்று புரிந்தது.

இதை வைத்துக்கொண்டு ஆபரேஷனே வேண்டாம் என்று யாரிடமும் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லித் திரிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. என் பழைய மாணவன் ஒருவன், பத்தொன்பது வயது, கபடி ஆடும்போது முட்டி திருகி, கால் பாதி மடங்கினபடி பூட்டிக்கொண்டது. கிழிந்த ஜவ்வு வாளிப் பிடிபோலப் புரண்டு நடுவில் மாட்டியிருந்தது. அவனுக்குச் சீக்கிரமே துளைவழி அறுவை செய்து, அந்த ஜவ்வைத் தைத்தார்கள். இளம் ஜவ்வு, ரத்தம் ஓடுகிற விளிம்பு, ஒட்டிக்கொண்டது. என் கதையைக் கேட்டு அவன் காத்திருந்தால் கெட்டிருப்பான். அக்கா காத்திருந்ததும் தப்பாகத்தான் போனது. மூன்று பேருக்கும் முட்டிதான். நோவு வேறு வேறு.

மூன்று மாதம் என்று டாக்டரோடு பேசி வைத்துக்கொண்டேன். அதற்குள் கால் பூட்டிக்கொண்டாலோ, மூன்று மாதத்துக்குப் பிறகும் தூக்கம் கெட்டாலோ மறுபடி பேசுவது என்று முடிவு. பிசியோதெரபிக்குப் போனேன். சின்னப் பெண், மகள்போலக் கண்டிப்பாள். முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக் கீழே அழுத்து, பத்து எண்ணு. காலை மடக்காமல் தூக்கு. நாற்காலியில் கையை ஊன்றாமல் எழு. தொடைத் தசை பலப்பட்டால் முட்டியின் சுமையில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும் என்றாள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில். கைத்தடியை வலி இல்லாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும்; நான் மூன்று வாரமாக மாற்றிப் பிடித்திருந்தேன். கணுக்காலில் கட்ட எடை வேண்டுமென்றபோது அம்மா பழைய ரவிக்கைத் துணியில் இரண்டு முடிச்சு வைத்து ஒரு பை தைத்துக் கொடுத்தாள். அதில் ஒரு கிலோ உப்பு.

ஆறாவது வாரம் மிக மோசம். முதல் வாரத்தைவிட வலித்தது. முட்டி வீங்கியது. ராத்திரி இரண்டு மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்து, வியாழக்கிழமையே போயிருக்கலாமோ என்று அழுதேன். பின்லாந்தில் எத்தனை பேர் தேறினாலும் என் முட்டி வலிக்கிறதே! காலையில் அக்கா வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சுடுதண்ணீர் வைத்து ஒத்தடம் கொடுத்தாள், காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு. பிசியோதெரபிப் பெண் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, எடையைக் கழற்றி, நிறுத்தாமல் செய்யச் சொன்னாள். பத்து நாளில் வீக்கம் வடிந்தது. ஒன்பதாவது வாரத்தில் ஒரு நாள் மாடி வகுப்புக்குப் போய்ப் பாதிக் கணக்கு போட்ட பிறகுதான் படிகளை எண்ணாமல் ஏறி வந்திருக்கிறேன் என்பது தெரிந்தது.

முட்டி பழையபடி ஆகிவிடவில்லை. முழுசாகக் குந்த முடியாது. சப்பணம் போட்டால் பத்து நிமிடம்தான். மழை நாளில் உட்பக்கம் மந்தமாக ஒரு வலி இருக்கும். உப்புப் பை இப்போது இரண்டு கிலோ. ஸ்கேன் படம் பீரோ மேலே இருக்கிறது, எடுத்துப் பார்ப்பதில்லை.

மறுபடி மார்கழி வந்துவிட்டது. உட்கார்ந்தால் தரைக்குக் கையெட்டும் உயரத்தில் ஒரு முக்காலி செய்து வாங்கினேன். புள்ளியை நின்றபடி குனிந்து வைக்கிறேன். ஓரத்து இதழ்களை முக்காலியில் உட்கார்ந்து இழுக்கிறேன். நடுவில் இருக்கும் தாமரைக்குக் குந்தித்தான் ஆக வேண்டும். அம்மா சேலையைச் செருகிக்கொண்டு கோலத்துக்குள்ளே போய்க் குந்தி உட்கார்ந்தாள். “கிண்ணத்தை இந்தப் பக்கம் தள்ளுத்தா, நான் திரும்ப மாட்டேன்” என்றாள்.