ரிப்பேரா? புதுசா?

(இ.சி.இ. மூன்றாம் ஆண்டு மாணவன்)



மலர்க் குழுவினர் “ஏதாவது எழுதிக் கொடுடா” என்றபோது கவிதை கேட்கிறார்களோ என்று பயந்துவிட்டேன். நிலா, நட்பு, காதல் எல்லாவற்றையும் மற்ற நண்பர்கள் முன்பதிவு செய்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் இருந்தது என் கிட்டார் ஒன்றுதான். சென்ற ஆண்டு விழாவுக்கு வந்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டீர்கள். மறந்துவிட்டவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி!

அது எலக்ட்ரிக் கிட்டார். கல்யாண வீடுகளில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு ஆர்கெஸ்ட்ரா அண்ணன், தொழிலை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போனபோது 2,800 ரூபாய்க்கு என் தலையில் கட்டிவிட்டுப் போனார். கம்பெனிப் பெயரை யாரோ பிளேடால் சுரண்டியிருந்தார்கள். (கம்பெனிக்காரரே சுரண்டியிருப்பார் என்பது என் நண்பனின் கருத்து.)

விழா மேடையில் மைக்செட்டில் ஒயரைச் சொருகியதுமே “ங்ஙொய்ங்...” என்று ஒரு சத்தம். “யாருடா மாவு ஆட்டுறது?” என்று பின்வரிசையில் குரல் வந்தது. முதல் கார்டைப் போட்டேன். பாட வந்த நண்பன் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். அவன் ஒரு சுருதி, நான் ஒரு சுருதி. இரண்டாவது சரணத்தில் யாரோ என் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். யாரென்று தெரியும், இங்கே எழுதவில்லை. மீதிப் பாட்டு முழுவதும் சத்தமே வராத கிட்டாரில் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். விழாவுக்கு வந்திருந்த அம்மாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. “நல்லா வாசிச்சடா” என்றார்கள். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாகப் போய்விட்டது.

அன்றைக்கே தீர்மானித்தேன், புதுசுதான் வாங்க வேண்டும் என்று. மதுரையில் ஒரு கடையில் விசாரித்தால், கொஞ்சம் நல்லதாகப் பார்த்தால் 19,500 ரூபாய்! என் அப்பா திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் வேலை பார்ப்பவர். எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பேப்பரில் எல்லாம் போட்டார்கள். அப்பாவுக்கு இன்னும் முடித்துக் கொடுக்கிற பூட்டுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அவர் மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவர். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். 19,500 என்று எந்த வாயால் கேட்பது?

அப்போதுதான் ‘பிக்கப்பை மாற்றினால் பழைய கிட்டாரே புதுசு மாதிரி ஆகிவிடும்’ என்று ஒரு யோசனை வந்தது. பிக்கப் நம்ம பாடம்தான் நண்பர்களே. காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி. மேலே இரும்புத் தந்தி அதிர்ந்தால் காந்தப் புலம் மாறும், காயிலில் மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்தது. முதல் வருடத்தில் நாம் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்தது. இரண்டு காயிலை எதிரெதிராக வைத்து இரைச்சலை அடிக்கிற ‘ஹம்பக்கர்’ என்ற வகையை வரவழைத்தேன். விலை 2,400 ரூபாய். உதவித்தொகையில் பரீட்சைக் கட்டணத்துக்கென்று அம்மா எடுத்து வைக்கச் சொன்ன பணம் அது. “பிராஜெக்ட்டுக்குப் பொருள் வாங்கணும்மா” என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரி உட்கார்ந்து சால்டரிங் செய்து மாட்டினேன். நண்பனிடம் இரவல் வாங்கிய ஆம்பில் போட்டால்... சத்தம் நன்றாகக் கணமாக வந்தது. அபஸ்வரமும் அதே கணத்தோடு வந்தது! பிக்கப் தந்தி ஆடுவதைத்தான் எடுத்துச் சொல்லும். தந்தி தப்பாக ஆடினால் தப்பை இன்னும் தெளிவாகச் சொல்லும். 2,400 ரூபாய் கொடுத்து இதைத் தெரிந்துகொண்டேன்.

அப்பா எழுந்து வந்தார். தரையில் திருகாணிகள், ஒயர்கள், வயிறு திறந்து கிடக்கும் கிட்டார். “இதுதான் பிராஜெக்ட்டா?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. “எம்புட்டு?” என்றார். சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, “சரி, எங்க கெடுது, காட்டு” என்றார்.

கழுத்தின் மேல்முனையில் ஆறு தந்தியும் உட்காரும் வெள்ளைப் பட்டை ஒன்று உண்டு. பெயர் நட். (மெக்கானிக்கல் நண்பர்கள் குழம்ப வேண்டாம், இது போல்ட்டில் மாட்டும் நட் அல்ல.) என் கிட்டாரில் அதன் காடிகள் ஆழம் போதாமல் இருந்தன. தந்தி உயரத்தில் நின்றது. முதல் ஃப்ரெட்டில் அமுக்கும்போது தந்தி கூடுதலாக இழுபட்டு சுருதி ஏறிவிடுகிறது. நான் எப்படி டியூன் செய்தாலும் கார்டு கோணலாகத்தான் வரும். இதை அப்பா கண்டுபிடித்தது எப்படி என்கிறீர்கள்? ஃப்ரெட்டுக்கு அவர் வைத்த பெயர் ‘கட்டம்’. ஒவ்வொரு கட்டமாக என்னை அமுக்கச் சொல்லி, கண்ணைத் தந்திக்கு நேராக வைத்துப் பார்த்தார். “மத்த இடமெல்லாம் லேசா இருக்கு, இந்த முதக் கட்டத்துல மட்டும் ஏண்டா விரல் வெளுக்குது?” என்றார். சாவி சுற்றாத பூட்டை நாற்பது வருடமாகப் பார்த்த கண்.

மறுநாள் பட்டறையிலிருந்து மெல்லிய அரம் இரண்டு கொண்டுவந்தார். தடித்த தந்திகளின் காடிக்கு அது போதும். கடைசி இரண்டு தந்தியும் தலைமயிர் மாதிரி, அந்த அளவுக்கு அரம் கிடையாது. மெக்கானிக்கல் நண்பனிடம் பழைய ஃபீலர் கேஜ் வாங்கி வந்தேன். அதன் ஓரத்தில் அப்பா முக்கோண அரத்தால் பல் வெட்டினார். ஆச்சு, கிட்டார் அரம் தயார்! இரண்டு இழுப்பு, தந்தியைப் போட்டுப் பார், மறுபடி இரண்டு இழுப்பு. மூன்றாவது ஃப்ரெட்டில் அமுக்கினால் முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே காகிதம் நுழையும் அளவு சந்து இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவசரப்பட்டு நான் ஒரு காடியைக் கூடுதலாக அராவிவிட்டேன். தந்தி ஃப்ரெட்டில் உரசி ‘ஜிர்’ரென்றது. ஆப்பச் சோடாவைத் தூவி, சூப்பர் பசை ஒரு சொட்டு விட்டுக் காடியை நிரப்பி, திரும்ப அராவினோம். அம்மா சோடா டப்பாவை இன்னும் தேடுகிறார்கள்.

அடுத்து, அடியில் தந்தி உட்காரும் பிரிட்ஜ். பன்னிரண்டாவது ஃப்ரெட் தந்தி நீளத்தில் சரிபாதி. அங்கே அமுக்கி வாசித்தால் வரும் ஸ்வரம் திறந்த தந்திக்கு இரண்டு மடங்கு அதிர்வெண். ‘ஏ’ தந்தி 110 என்றால் 220 ஹெர்ட்ஸ். கூடினால் பிரிட்ஜின் திருகைச் சுற்றித் தந்தியின் நீளத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். இதற்குச் செலவு பூஜ்யம்.

மாவு ஆட்டும் சத்தம் என் கணக்கு. லேப் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் பிரிட்ஜிலிருந்து வரும் எர்த் ஒயர் அறுந்து கிடந்தது. ஒரு சால்டர், உள்ளே 150 ரூபாய்க்குக் காப்பர் டேப். முக்கால்வாசி இரைச்சல் போய்விட்டது. 350 ரூபாய்க்குப் புதுத் தந்தி போட்டதையும் சேர்த்தால் ஐந்நூறு. அந்த ஐந்நூறுக்குத்தான் கிட்டார் சரியானது. 2,400-க்கு அல்ல.

‘குயின்’ இசைக்குழுவின் ப்ரையன் மே, 1963-ல் பள்ளி மாணவராக இருந்தபோது, தன் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிட்டார் செய்ய ஆரம்பித்தார். கழுத்துக்கு, பழைய கணப்பைச் சுற்றியிருந்த மரம். ஸ்பிரிங், பழைய மோட்டார் சைக்கிளுடையது. புள்ளிகளுக்கு அம்மாவின் பொத்தான்கள். அதை வைத்துத்தான் உலகம் முழுக்க வாசித்தார். அப்பாவிடம் இதைச் சொன்னேன். “அவங்க அப்பா என்ன வேலை?” என்றார். எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர் என்றேன். “அதான பாத்தேன்” என்று சிரித்தார். இதில் இன்னொரு விஷயம், பிக்கப்பையும் முதலில் தானே செய்து பார்த்த ப்ரையன் மே, கடைசியில் அதைக் கடையில்தான் வாங்கினார். ஆகவே பிக்கப் வாங்கியதே குற்றம் என்று யாரும் என்னைச் சொல்ல வேண்டாம்! வரிசைதான் தப்பு.

எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. வேலை முடிந்ததும் அப்பா ஒற்றைக் கண்ணை மூடி, துப்பாக்கி பார்ப்பதுபோல் கழுத்தை நீளவாக்கில் பார்த்தார். “முறுக்கிக்கிட்டு இருக்குடா. இத நான் ஒண்ணும் பண்ண முடியாது.” கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகினால் முன்பின் வளைவு நிமிரும், முறுக்கு நிமிராது. பதினாலாவது ஃப்ரெட்டுக்கு மேலே தந்தி இன்றும் செத்துத்தான் ஒலிக்கிறது. வாங்கும்போதே நான் அப்படி ஒரு கண்ணை மூடிப் பார்த்திருந்தால் அந்த 2,800-ஐ அப்படியே சேர்த்து வைத்து, கழுத்து நேராக இருக்கிற ஒன்றுக்குக் காத்திருப்பேன். நீங்கள் வாங்குவதாக இருந்தால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், கழுத்தைப் பாருங்கள்.

பரீட்சைக் கட்டணத்தை அப்பா பட்டறையில் முன்பணம் வாங்கிக் கட்டினார். அந்த 2,400-ஐப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. போன வாரம், “அந்த மதுரைக் கடையில இருந்தது இப்ப எம்புட்டு?” என்றார். விலை ஏறிவிட்டது, வேலைக்குப் போய் நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். உம் என்றார்.

இந்த ஆண்டு விழாவிலும் வாசிக்கிறேன். அதே நண்பன், அதே கிட்டார். அப்பா அன்றைக்கு அரைநாள் கூலியை விட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனைதான்.

“பதினாலாம் கட்டத்துக்கு மேல போயிராதடா.”